உட்கார்ந்து பத்தொன்பது, நின்று எட்டு

கொளஞ்சியப்பன் ஓய்வு பெற்ற மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல் எழுந்து குளித்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் வரும் ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் நாளும் போனார். மூன்றாம் நாள் அவர் மனைவி ரங்கம்மாள் வீட்டிலிருந்த நான்கு காக்கிச் சட்டைகளையும் வாளியில் ஊறப்போட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் பனியனோடு போய்விட்டு வந்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். தியாகதுருகம் தாண்டி எலவனாசூர்கோட்டை வருவதற்கு முன்னால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற தாதன்குப்பம் அவருடைய ஊர். எந்த ஸ்டாப்பிங்கில் யார் ஏறுவார்கள், யார் பெரிய நோட்டை நீட்டுவார்கள், யார் தன் பிள்ளைக்கு வயது மூன்று என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேறு எதுவும் அத்துப்படி இல்லை. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்.

அவர் முழுநேரமும் வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் ரங்கம்மாளுக்குத் தான் யாரைக் கட்டிக்கொண்டோம் என்பது விளங்கியது. அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரை வாசலில் ஒரு கையை மேலே தூக்கி நிலைப்படியைப் பிடித்தபடி நிற்பார். "இன்னும் கொஞ்சம் உள்ள போ. நடுவுல எடம் காலியா கெடக்குது பாரு" என்பார். உள்ளே அவள் ஒருத்திதான் இருப்பாள். சொந்தக்காரர்கள் வந்தால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேரை உட்கார வைப்பார். அவர்கள் விடைபெற்றுக் கிளம்பும்போது சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்பார். ரங்கம்மாளின் சொந்த அண்ணனை இப்படி அனுப்பி வைத்த அன்று, இந்த மனுஷனை எங்கேயாவது கொண்டுபோய் விடவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

எங்கே என்பது அடுத்த வாரமே தெரிந்தது.

தாதன்குப்பத்துக்கான அங்கன்வாடி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரிகளுக்கு நடுவே சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக யாருக்கும் துணிவு வரவில்லை. அதனால் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற பெண்கள் சிலர் சேர்ந்து, மூடிக்கிடந்த பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தில் தாங்களே ஒரு குழந்தைகள் மையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். முறை வைத்து ஆளுக்கொரு நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். இதை ஆரம்பித்தவள் ஜெயசுதா. கரும்பு வெட்டுகிறவள், முப்பது வயது, எதைச் சொன்னாலும் ஒரு தடவைதான் சொல்வாள்.

அந்த வருஷம் ஊராட்சி ஒன்றியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஊர்மக்களே நடத்தும் குழந்தைகள் மையம் ஒன்றுக்கு மானியம் உண்டு. எந்த மையம் என்பதைக் குழு நேரில் பார்த்து முடிவு செய்யும். தாதன்குப்பம் சொசைட்டிக் கட்டடத்தின் கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்ததால் ஜெயசுதா அந்த அறிவிப்பை நான்கு தடவை படித்தாள். ஏழாவது நிபந்தனையில் வந்து நின்றாள். மையத்துக்கு முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் வேறு வேலைக்குப் போகாதவராக இருக்கவேண்டும்.

தாதன்குப்பத்தில் வேறு வேலைக்குப் போகாத ஆள் ஒரே ஒருவர்தான்.

"மாமா, நீங்க வூட்ல சும்மாதான இருக்கறீங்க?" என்று வந்து கேட்டாள் ஜெயசுதா.

"சும்மா இருக்கறன்னு யாரு சொன்னா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"நான்தான் சொன்னன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ரங்கம்மாள் வெளியே வந்தபோது கையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "சாப்பாடு கட்டியாச்சு. மோர் தனியா வெச்சிருக்கறன். சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு அனுப்பினா போதும். ஆறு ஆனாலும் பரவால்ல" என்று ஜெயசுதாவிடம் கொடுத்தாள். பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிற தாயைப் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் கண்ணில் ஈரம் எதுவும் இல்லை.

சொசைட்டிக் கட்டடத்தில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள், மீதிப்பேர் அழுகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய முறைக்கு இருந்த அம்மா பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தாள், மற்ற அம்மாக்கள் வயலுக்குப் போய்விட்டார்கள். கொளஞ்சியப்பன் கதவோரம் நின்றார். "அழுவாதீங்க" என்றார். அழுகை கூடியது. "எல்லாரும் கொஞ்சம் அமைதியா வாங்க" என்றார். யாரும் எங்கும் வரவில்லை. அவருக்கு வியர்த்தது. கை தானாகப் பைக்குள் போய், தானாக விசிலை எடுத்தது. ஒரு ஊது ஊதினார்.

சத்தம் நின்றது. பத்தொன்பது முகங்களும் அவர் பக்கம் திரும்பின. முப்பத்தொரு வருஷத்தில் விசில் ஊதி ஒரு கூட்டம் அடங்கியது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"வண்டி பொறப்படப் போவுது. ஏறுறவங்க ஏறுங்க" என்றார் கொளஞ்சியப்பன். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பந்தல் கடைக்காரர் தூக்கிப்போட இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கி வந்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று என்று வரிசையாகப் போட்டார். குறுக்கே ஒரு கயிறு கட்டினார். பால் கேனின் மூடி ஸ்டியரிங் ஆனது. அதைச் சுபாஷ் என்ற நாலரை வயதுப் பையனிடம் கொடுத்தார். மற்றவர்கள் அரைமணிக்கு ஒருதரம் வேறு வேலைக்கு மாறினார்கள். சுபாஷ் மட்டும் மூடியை விடவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் டிக்கெட். கட்டணம், இரண்டு புளியங்கொட்டை. மூன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரவேண்டும். பதினைந்து நாளில் பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். கை கழுவாதவர்களுக்குச் சாப்பாட்டு ஸ்டாப்பிங்கில் இறங்க அனுமதி இல்லை. தள்ளுமுள்ளு செய்கிறவர்கள் கடைசி சீட்டுக்குப் போகவேண்டும்.

மத்தியானத் தூக்கம்தான் எல்லாவற்றையும்விட அதிசயம். அதுவரைக்கும் முறைக்கு வந்த எந்த அம்மாவாலும் அந்தப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்க முடிந்ததில்லை. கொளஞ்சியப்பன் பாய்களை விரித்துப் படுக்கவைத்து, நடுவில் நின்று, தன் ரூட்டை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "கள்ளக்குறிச்சி... தச்சூர்... செங்கல் சூளை..." ஒவ்வொரு பெயருக்கும் நடுவே வண்டி ஓடும் நேரத்துக்கு இடைவெளி விடுவார். தியாகதுருகம் வருவதற்குள் பாதி வண்டி தூங்கியிருக்கும். எலவனாசூர்கோட்டையைத் தாண்டி விழித்திருந்த பிள்ளை இதுவரை இல்லை.

பெற்றோர் பக்கமிருந்து புகார் வராமல் இல்லை. சுபாஷின் அப்பா முனியன், வயலிலிருந்து வந்து கட்டிலில் உட்காரப் போனால் மகன் டிக்கெட் கேட்கிறான் என்றார். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்தால் அழுகிறானாம். "நெதம் ரெண்டு புளியங்கொட்டைய மடியில வெச்சிக்கினு வரேன் மாமா. வேலைக்குப் போற எடத்துல சிரிக்கறாங்க" என்றார். இன்னொரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை, கோயிலில் சாமி கும்பிட நின்ற கூட்டத்தைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, கருவறைல எடம் இருக்குது" என்று சொல்லிவிட்டாளாம்.

கொளஞ்சியப்பனுக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "சொல்லி வெக்கறன்" என்பார்.

மானிய விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முப்பத்தொரு வருஷம் டிரிப் ஷீட் எழுதிய கை என்று சொல்லி, ஜெயசுதாவைத் தொடவே விடவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் அய்யப்பன் அதை வாங்கி, படிக்காமல் முத்திரை குத்தி, ஒரு கோப்புக் கட்டுக்குள் செருகினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஜெயசுதா கரும்பு வெட்டிய கையோடு நின்று அதைப் படித்தாள்.

தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. வாகனத்தின் பதிவுச் சான்று, தகுதிச் சான்று (எப்.சி.), காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.

"மாமா, நீங்க அதுல இன்னாதான் எழுதினீங்க?" என்று கேட்டாள்.

கொளஞ்சியப்பன் நகல் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். மையத்தின் கொள்ளளவு என்ற இடத்தில், 'உட்கார்ந்து பத்தொன்பது, நின்று எட்டு' என்று எழுதியிருந்தது. செயல்படும் நேரம் என்பதில், 'புறப்பாடு காலை 8.40, சேருமிடம் மாலை 5.00, வழியில் சாப்பாட்டுக்கு நிற்கும்.' பணியாளர் விவரத்தில், 'நடத்துநர் கொளஞ்சியப்பன். ஓட்டுநர் சுபாஷ்.' மையத்தில் விபத்து ஏதும் நேர்ந்ததுண்டா என்ற கேள்விக்கு, 'சடன் பிரேக் போட்டதில் ஒரு முறை இருவருக்கு லேசான சிராய்ப்பு' என்று உண்மையை எழுதியிருந்தார்.

ஜெயசுதா நகலை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எப்.சி. கேக்கறாங்கன்னா வண்டின்னு ஒத்துக்கினாங்கன்னுதான அர்த்தம்" என்றார் கொளஞ்சியப்பன்.

"கூரைக்குத் தகரம் கேட்டோம் மாமா. டயர் வாங்கிக் குடுக்கப் போறாங்க" என்றாள் ஜெயசுதா. அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவள் தன்னோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வரவேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸில் போகும்போது வழக்கம்போல் கண்டக்டரோடு பேசாமல், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனார்.

விரிவாக்க அலுவலர் விஜயலட்சுமிதான் அந்த மானியத்துக்குப் பொறுப்பு. ஜெயசுதா விஷயத்தைச் சொல்ல, அவர் விண்ணப்பத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"இந்த ஓட்டுநருக்கு என்ன வயசு?"

"நாலரை மேடம். வர்ற ஆடிக்கு அஞ்சு" என்றார் கொளஞ்சியப்பன்.

"லைசன்ஸ்?"

"இல்லீங்க. ஆனா கை நெதானம் இருக்குது."

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. மேசை டைரியைப் புரட்டி, "வியாழக்கிழமை காலைல கவுன்சிலரோட வந்து பாக்கறேன். அன்னைக்கே மத்தியானம் வேப்பந்தாங்கல் மையத்தையும் பாக்கணும். ரெண்டு பேர்தான் விண்ணப்பிச்சிருக்கீங்க" என்றார். வேப்பந்தாங்கல் மையத்தைப் பற்றி ஊரெல்லாம் தெரியும். அங்கே சுவரெல்லாம் மயிலும் முயலும் வரைந்திருந்தார்கள். அதை நடத்துகிற பூமாலை, பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மாதங்களின் பெயர்களைச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில் ஜெயசுதா உத்தரவு போட்டாள். வியாழக்கிழமை பஸ் கிடையாது. நாற்காலிகள் வட்டமாக இருக்கும். சுவரில் பழங்கள் படம் தொங்கும். பிள்ளைகள் பழத்தின் பெயரைச் சொல்வார்கள். "விசில இப்பவே குடுங்க மாமா" என்று வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைக் கொடுத்தபோது கொளஞ்சியப்பனுக்கு ஓய்வு பெற்ற நாளில்கூட வராத ஒரு வருத்தம் வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. விஜயலட்சுமியோடு ஒன்றியக் கவுன்சிலர் தெய்வசிகாமணி இறங்கினார். பெரிய உடம்பு; வெள்ளை வேட்டி; எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர். ஜெயசுதா அன்றைக்கும் வேலைக்குப் போகவில்லை. கொளஞ்சியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பழங்கள் படத்துக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றார்.

"இது இன்னா பழம்?" என்றார் குச்சியால் தொட்டு.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபாஷ் பால் கேன் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றான். எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தாத்தா, வண்டி எங்க?" என்றான்.

"இன்னிக்கு வண்டி இல்ல கண்ணு."

"பிரேக் டவுனா?"

கொளஞ்சியப்பன் குச்சியைக் கீழே இறக்கினார். சுபாஷின் உதடு பிதுங்கியது. ஓட்டுநரே அழ ஆரம்பித்தால் பயணிகள் என்ன செய்வார்கள்? ஒரு நிமிஷத்தில் பத்தொன்பது பேரும் அழுதார்கள். தெய்வசிகாமணி காதைப் பொத்திக்கொண்டார். "யம்மா, நிறுத்தச் சொல்லும்மா" என்றார் ஜெயசுதாவைப் பார்த்து.

"இவருதானே ஓட்டுநர்?" என்று விஜயலட்சுமி குனிந்து சுபாஷைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "விண்ணப்பத்துல எழுதியிருக்கறது எதுவும் இங்க இல்லையே. நான் எழுதியிருக்கறதத்தான் பாக்க வந்தேன்" என்றார்.

ஜெயசுதா பெருமூச்சு விட்டு, இடுப்பிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தாள்.

நாற்காலிகளை வரிசைப்படுத்த இரண்டு நிமிஷம்தான் ஆனது. பிள்ளைகளே இழுத்துப் போட்டார்கள். விஜயலட்சுமி ஒரு பிள்ளையிடம் புளியங்கொட்டை கடன் வாங்கி டிக்கெட் எடுத்துக்கொண்டார். தெய்வசிகாமணி முன்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜெயசுதாவின் மகள் அபிநயாதான் அன்றைக்குச் செக்கிங். வயது நான்கு. கையில் பழைய டைரி. நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது லேடீஸ் சீட்டு. எழுந்திரிங்க."

"நான் கவுன்சிலரு பாப்பா."

"ஜென்ஸ் எல்லாம் பின்னாடி."

தெய்வசிகாமணி கொளஞ்சியப்பனைப் பார்த்தார். கொளஞ்சியப்பன் கூரையைப் பார்த்தார். கவுன்சிலர் எழுந்து பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கேயும் அவள் விடவில்லை. டிக்கெட் கேட்டாள். அவரிடம் டிக்கெட்டும் இல்லை, புளியங்கொட்டையும் இல்லை. டிக்கெட் இல்லாதவர்களுக்குத் தண்டனை ஒற்றைக்காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. "எனக்கு முட்டி வலி" என்றார் அவர். அபிநயா யோசித்து, ஐந்து வரை எண்ணினால் போதும் என்று சலுகை கொடுத்தாள். அவர் நின்றார்.

"வண்டி எங்க போவுது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"உளுந்தூர்பேட்டைங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

"வெள்ளிமல" என்றாள் அபிநயா. பிள்ளைகள் எல்லாரும் "வெள்ளிமல, வெள்ளிமல" என்றார்கள்.

கொளஞ்சியப்பன் சங்கடத்தோடு விஜயலட்சுமியிடம் விளக்கினார். "நெதம் கேக்கறாங்க மேடம். கல்வராயன் மலைக்குப் போவணுமாம். நமக்கு அந்த ரூட்டுக்குப் பர்மிட் இல்ல. பர்மிட் இல்லாத ரூட்ல வண்டிய விட்டா அப்பறம் ஒழுங்கு இல்லாம பூடும்."

"நீங்க போனதே இல்லையா?"

"இல்லீங்க. கள்ளக்குறிச்சில வண்டி நிக்கும்போதெல்லாம் தெரியும். நல்லா நீலமா இருக்கும். லீவு கெடைக்கல."

விஜயலட்சுமி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 'தாதன்குப்பம் முதல் வெள்ளிமலை வரை ஒரு நடை சென்றுவர அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். கொளஞ்சியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு விசில் ஊதினார்.

ஸ்டாப்பிங் பெயர்கள் அவருக்குத் தெரியாததுதான் பிரச்சினை. அபிநயா மட்டும் சித்தியோடு ஒருதரம் ஜீப்பில் மலைக்குப் போயிருந்தாள். அவளே சொன்னாள். "கச்சிராபாளையம். அப்பறம் ஒரு கொரங்கு. அப்பறம் வளைவு. அப்பறம் நான் வாந்தி எடுத்த எடம்." கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னார். "வாந்தி எடுத்த எடம் எறங்குறவங்க எறங்குங்க" என்றார். இரண்டு பேர் இறங்கினார்கள். அந்தக் காலி நாற்காலியில் தெய்வசிகாமணி ஒருவழியாக உட்கார்ந்தார்.

வளைவு வந்தது. சுபாஷ் மூடியை முழுதாக ஒடித்துத் திருப்பினான். வண்டி முழுக்க இடப்பக்கம் சாய்ந்தது. அடுத்த வளைவில் வலப்பக்கம். விஜயலட்சுமி சாய்ந்தார். தெய்வசிகாமணி சாய்ந்ததில் பக்கத்திலிருந்த பிள்ளை நசுங்கப் பார்த்து, அவர் மடியிலேயே ஏறிக்கொண்டது. "மெதுவா ஓட்டு தம்பி, பள்ளம் தெரியுது" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதைப் பிற்பாடு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிமலை வந்ததும் எல்லாரும் இறங்கிக் குளிரில் நடுங்கினார்கள். வெளியே சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மலையைச் சுற்றிப் பார்த்து, சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று. பாய்கள் விரித்தாகிவிட்டது. வேப்பந்தாங்கலுக்குப் போகவேண்டும் என்று விஜயலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபாரத்துல தூக்க வசதின்னு ஒரு கட்டம் இருக்கு. அத மட்டும் பாத்துட்டுக் கெளம்பறோம்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தெய்வசிகாமணி மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தார். கொளஞ்சியப்பன் நடுவில் நின்று ஆரம்பித்தார்.

"கள்ளக்குறிச்சி... தச்சூர்... செங்கல் சூளை..."

தியாகதுருகத்தில் கவுன்சிலரின் தலை தொங்கியது. அதற்கடுத்த ஸ்டாப்பிங்கில் விரிவாக்க அலுவலரின் பேனா கையிலிருந்து நழுவியது.

"மாமா, எழுப்புங்க. அவங்க அந்த ஊருக்குப் போவணும்" என்று வாசலிலிருந்து கிசுகிசுத்தாள் ஜெயசுதா.

"தூங்கற பாசஞ்சர அவங்க ஸ்டாப்பிங் வந்தாதான் எழுப்பணும்" என்றார் கொளஞ்சியப்பன். "இன்னும் வரல."

மூன்றரை மணிக்கு ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தபோதுதான் இருவரும் விழித்தார்கள். வேப்பந்தாங்கலில் பூமாலையும் ஊர்க்காரர்களும் மாலையும் போண்டாவுமாகக் காத்திருந்து, ஐந்து மணிக்குப் போண்டாவைத் தாங்களே சாப்பிட்டுவிட்டு, ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் எழுதினார்கள்.

புகார் ஒன்றியக் குழுக் கூட்டத்துக்கு வந்தது. அதிகாரிகள் ஏன் வரவில்லை என்று வேப்பந்தாங்கல் பக்கத்துக் கவுன்சிலர் மேசையைத் தட்டிக் கேட்டார். விஜயலட்சுமி எழுந்து, "தூங்கிட்டோம்" என்றார். கூட்டம் சலசலத்தது. ஏதாவது டயர் பஞ்சர் என்று சொல்வார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். அப்புறம் தெய்வசிகாமணி எழுந்தார்.

"ஆறு வருசமா எனக்குப் பகல்ல தூக்கம் இல்ல. ராவுலயும் கம்மிதான். டாக்டருங்க குடுத்த மாத்திரைக்கு வராத தூக்கம் அந்த ஆளு ஸ்டாப்பிங் பேர சொன்னதுக்கு வந்துது. தூக்க வசதின்னு ஃபாரத்துல கேட்டிருக்கீங்க. நான் முழு மார்க் போட்டேன். தப்புன்னா நீங்களே போய்ப் படுத்துப் பாருங்க" என்றார்.

இரண்டு மணிநேரம் வாக்குவாதம் நடந்தது. அடுத்த வாரம் வேப்பந்தாங்கலையும் போய்ப் பார்த்தார்கள்; அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எந்த ஊரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத குழுத்தலைவர், இரண்டு மையங்களுக்குமே மானியம் என்று தீர்மானம் போட்டார். தாதன்குப்பத்துக்கு மட்டும் இரண்டு நிபந்தனைகள். விண்ணப்பத்தை வேறு யாராவது புதிதாக எழுதித் தரவேண்டும். பயிற்சி பெற்ற பெண் ஒருவரையும் மையத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஜெயசுதா அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தாள். கூரைக்குத் தகரம் வந்தது. சின்னக் கதவு போட்ட கழிப்பறை வந்தது. பிள்ளை பார்க்கிற முறை ஒழிந்து, பெண்கள் எல்லா நாளும் வேலைக்குப் போனார்கள்.

பயிற்சி பெற்றவளாக எலவனாசூர்கோட்டையிலிருந்து கலையரசி என்ற பெண் வந்தாள். முதல் வாரம் கொளஞ்சியப்பன் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அவள் வண்டியைக் கலைக்கவில்லை. காலையில் வண்டி ஓடட்டும், சாயங்காலம் ஒருமணி நேரம் எனக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டாள். அந்த ஒருமணி நேரத்தில் அவருக்கு வேலை இல்லை. கதவோரம் நின்று பார்த்தார். ஒருநாள் அவள் களிமண் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாள்.

"நீங்களும் ஒக்காருங்க மாமா. சும்மா நிக்கறீங்களே" என்று அவர் கையிலும் ஒன்றை வைத்தாள்.

கொளஞ்சியப்பன் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பிசைந்தார், உருட்டினார், கிள்ளி ஒட்டினார். முடித்து முன்னால் வைத்தபோது பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"பூசணிக்கா" என்றான் சுபாஷ்.

"இல்ல."

"மாடு படுத்துக்கினு இருக்குது" என்றாள் அபிநயா.

"இல்ல கண்ணு. நல்லா பாரு. இது கொண்ட. இது மூக்குத்தி. இது எங்க வூட்டு ரங்கம்மா."

பிள்ளைகள் மறுபடி பார்த்தார்கள். சுபாஷ் குனிந்து மூக்குத்தியைத் தேடினான்.

சாயங்காலம் அதைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைத்து, ஆடாமல் அலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். ரங்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

கொளஞ்சியப்பன் ஒரு கணம் யோசித்தார்.

"யானை" என்றார்.

"நல்லா இருக்குது" என்று சொல்லி ரங்கம்மாள் அதை ஜன்னல் மேல் காயவைத்தாள்.